499 ரூபாய் அனுமன்

பெரிய ஆசையோட ஆரம்பிச்சு மண்ணைக் கவ்வின வீடியோ கேம்கள் பத்திப் பேச்சு வந்தா, எல்லாரும் நேரா அமெரிக்கா, ஜப்பான்னு கிளம்பிடுவாங்க. இந்த எபிசோட்ல நாம ஹைதராபாத் போறோம். வருஷம் 2009. கேம் பேரு 'ஹனுமான்: பாய் வாரியர்'. முழுக்க முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் கேம் இதுதான். செஞ்சது ஹைதராபாத்தைச் சேர்ந்த அரோனா டெக்னாலஜிஸ், வெளியிட்டது சோனி. ஓடுற மெஷின் பிளேஸ்டேஷன் 2. விலை 499 ரூபாய்.

கேள்விப்பட்டதே இல்லையா? ஆச்சரியமில்லை. ஆனா இதை வெறும் மோசமான கேம்னு சொல்லி நகர்ந்துடக் கூடாது. இதுக்குப் பின்னால ஒரு உருப்படியான யோசனை இருந்துச்சு.

பிஎஸ் 2 ஜப்பான்ல வந்தது 2000 மார்ச்சில. 2006-லயே பிஎஸ் 3 வந்தாச்சு. வெளிநாட்டுல எல்லாரும் புது மெஷினுக்கு மாறிக்கிட்டு இருந்த நேரம், இந்தியாவுல பிஎஸ் 2 அப்பதான் நடுத்தர வீடுகளுக்குள்ள எட்டிப் பார்த்துச்சு. சோனியோட இந்தியப் பிளேஸ்டேஷன் பிரிவுக்கு அப்போ தலைவரா இருந்தவர் அதீந்திரியா போஸ். அவங்க போட்ட கணக்கு இதுதான்: மெஷின் மலிவாயிடுச்சு, இறக்குமதி கேம் மட்டும் விலை குறையல. அப்ப உள்ளூர் ஸ்டுடியோக்களை வச்சு, உள்ளூர்க் கதைகளை எடுத்து, 499 ரூபாய்க்குக் கேம் போட்டா என்ன? உலகம் கழிச்சுப் போட்ட மெஷினை இந்தியாவுக்குப் பள்ளிக்கூடமா ஆக்குற திட்டம். அப்பாவோட பெரிய சைக்கிளை எடுத்து குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிறோமே, அந்த மாதிரி. எனக்கு இன்னிக்கும் இது நல்ல யோசனையாத்தான் படுது.

ஆனா அந்தக் கணக்குல கேம் சென்டர் வரல. சூரமங்கலத்துல ஜங்ஷன் போற வழியில அப்படி ஒண்ணு இருந்துச்சு. ஒரே ரூம், மூணு டிவி, மூணு பிஎஸ் 2, காசு மணிக்கணக்குல. 2009-ல எனக்குப் பன்னெண்டு வயசு, நான் வீட்டைவிட அங்கதான் அதிகம் இருந்தேன். எல்லாமே சிப் அடிச்ச மெஷின். ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து வர்ற காப்பி டிவிடிதான் ஓடும். சான் ஆண்ட்ரியாஸ், ஸ்மாக்டவுன், காட் ஆஃப் வார், கிரிக்கெட் 07. இந்த நாலைத் தவிர வேற எதைக் கேட்டாலும் அண்ணன் முறைப்பாரு. ஒரிஜினல் டிஸ்க்னு ஒண்ணை நான் அங்க பார்த்ததே கிடையாது. 499 ரூபாய் அனுமனுக்குப் போட்டி ரெண்டாயிரம் ரூபாய் இறக்குமதி டிஸ்க்னு சோனி நினைச்சிருக்கும். உண்மையான போட்டி அந்தக் காப்பி டிவிடிதான். அதைவிடக் கொடுமை, காட் ஆஃப் வாரும் அதே மெஷின்லதான் ஓடுது. ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சிருக்கிற பையனுக்கு 'இது முதல் இந்திய கேம்'ங்கிற சலுகையெல்லாம் தெரியாது. நேத்து கிரேட்டோஸை ஆட்டினான், இன்னிக்கு அனுமன், அவ்வளவுதான் அவன் கணக்கு.

இங்க கொஞ்சம் டெக்னிக்கலா பேசணும், பொறுத்துக்கங்க. பிஎஸ் 2-வுக்குள்ள இருக்கிற சிப்புக்கு 'எமோஷன் எஞ்சின்'னு பேரு. வேகம் சுமார் 294 மெகாஹெர்ட்ஸ், மெமரி 32 எம்பி, கிராபிக்ஸுக்குத் தனியா வெறும் 4 எம்பி. அந்தச் சிப்புக்குள்ள ரெண்டு வெக்டார் யூனிட் உண்டு. 3டி கணக்கோட பெரும்பகுதியைச் செய்யறது அதுங்கதான். அதுங்ககிட்ட வேலை வாங்கணும்னா, எந்த டேட்டா எந்த நொடியில எங்க போகணும்னு கையால அசெம்பிளியில எழுதணும். இன்னிக்கு யூனிட்டியைத் திறந்து ஒரு பொம்மையை இழுத்துப் போட்டா குதிக்குதே, அதெல்லாம் கிடையாது. ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் இருந்த பெரிய ஸ்டுடியோக்களே முதல் ரெண்டு மூணு வருஷம் இந்த மெஷின்கிட்ட திணறினாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு கேமா முன்னேறித்தான் 2005-ல காட் ஆஃப் வார் வந்துச்சு. அதுவும் சோனியோட சொந்த ஸ்டுடியோவுல இருந்து. அரோனா டீமுக்கோ அதுதான் முதல் கன்சோல் கேம். அவங்க போட்ட முதல் குரங்கு பெடல், மத்தவங்களோட பத்தாவது வருஷ ரேஸ் பக்கத்துல நின்னுச்சு.

விமர்சனங்கள் கிழிச்சுத் தொங்கவிட்டுச்சு. சண்டை ஒரே மாதிரி, பார்க்கப் பழசா இருக்கு, கன்ட்ரோல் சொன்ன பேச்சு கேட்கல. இது போதாதுன்னு இன்னொரு பக்கமும் அடி. அமெரிக்காவின் நெவாடாவுல இருக்கிற ராஜன் ஜெட்ங்கிற இந்து அமைப்புத் தலைவர், பக்தர்கள் கும்பிடுற தெய்வத்தை ஜாய்ஸ்டிக் பட்டன்ல ஆட்டிவைக்கிறது அவமரியாதைன்னு எதிர்ப்பு தெரிவிச்சார். இதைச் சிரிச்சுட்டுப் போக எனக்கு மனசில்லை. நாமக்கல் ஆஞ்சநேயர் முன்னாடி நின்னிருக்கீங்களா? 18 அடி, தலைக்கு மேல கூரை கிடையாது, வானம்தான். அந்தக் காலடியில நின்னு கழுத்தை நிமிர்த்திப் பார்த்தவனுக்கு, அவரைப் பள்ளத்துல தவறி விழவச்சு 'கேம் ஓவர்' போடறது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். கேம்னா தோத்துப்போகத் தெரியணும். தெய்வம் எப்படித் தோக்கும்? இது பக்திப் பிரச்சினை மட்டும் கிடையாது, டிசைன் பிரச்சினையும்தான்.

அதுக்கு விடையும் புராணத்துக்குள்ளயே இருக்குங்கிறதுதான் என்னைப் படுத்துற விஷயம். சின்ன வயசு சேட்டைக்காக முனிவர்கள் கொடுத்த சாபத்துல அனுமனுக்குத் தன் பலமே மறந்துபோயிடும். யாராவது நினைவுபடுத்தினாத்தான் திரும்பி வரும். கடலைத் தாண்டறதுக்கு முன்னாடி சாம்பவான் வந்து சொல்றாரே, அதுதான். உலகத்துல இருக்கிற எல்லா ஆக்‌ஷன் கேமும் ஹீரோவோட சக்தியை ஏன் கொஞ்சம் கொஞ்சமா அன்லாக் பண்ணணும்னு ஒரு சாக்கு தேடி அலையுது. நம்ம கதையில அது சும்மாவே கிடைக்குது.

இதே காலத்துல ஹைதராபாத்துலயே இன்னொரு மறதிக்கார ஹீரோவும் கேம் ஆனார். 'கஜினி'. முருகதாஸோட 2005 தமிழ்ப் படம் 2008 கடைசியில ஆமிர் கான் நடிச்சு இந்திக்குப் போச்சே, அந்தப் படத்தோட வந்த பிசி கேம். செஞ்சது எஃப்எக்ஸ் லேப்ஸ். இந்தியாவின் முதல் 3டி பிசி கேம்னு விளம்பரம். பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எல்லாம் மறந்துபோற ஒருத்தன், உடம்புல குறிப்பைப் பச்சை குத்திக்கிட்டு நடக்கிறான். சத்தியமா சொல்றேன், இதைவிட நல்ல கேம் ஐடியா கோடம்பாக்கம் இதுவரைக்கும் தந்தது கிடையாது. வந்தது அடிதடி ஆக்‌ஷன் கேம்.

சோனி அனுமனோட நிறுத்தல. அதே 2009-ல 'தேசி அட்டா' வந்துச்சு, செஞ்சது ஹைதராபாத் கேம்சாஸ்த்ரா. கபடி, கில்லி, பட்டம்னு நம்ம தெரு விளையாட்டுகளை எல்லாம் ஒரு டிஸ்க்குக்குள்ள போட்டிருந்தாங்க. அன்னிக்கு டிவியில கபடியைப் பார்க்க யார் உட்காருவாங்கன்னு கேட்டிருப்பாங்க. புரோ கபடி லீக் ஆரம்பிச்சது 2014-ல. அஞ்சு வருஷம் முந்திட்டாங்க. மும்பை ட்ரைன் கேம்ஸ் தெரு கிரிக்கெட்டை எடுத்துச்சு, அதுக்கு ரெண்டாம் பாகமும் வந்துச்சு. 2011-ல ஷாருக் கானோட 'ரா.ஒன்' படத்துக்கு பிஎஸ் 3 கேம். அதுவும் ட்ரைன்தான். அப்புறம் 'டான் 2'. இந்தக் கதையில எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வர்ற இடம் இது. படம் வந்தது 2011 டிசம்பர். 2013 ஜனவரியில பிஎஸ் 2 உற்பத்தியை நிறுத்திட்டோம்னு சோனி அறிவிச்சது. பிப்ரவரியில பிஎஸ் 2-க்கு 'டான் 2' கேம் வந்துச்சு. கடையைச் சாத்தின அப்புறம் சரக்கு லாரி வந்து நிக்குது.

சரி, தோத்துப்போன கேம்னு ஒண்ணு இருந்தா, அதுல கத்துக்கிட்ட பாடம் அப்புறம் எங்க போகுது? நான் சாஃப்ட்வேர்ல இருக்கிறவன். முதல் வெர்ஷன் யாருக்கும் நல்லா வராதுங்கிறது எங்க வேலையில வானிலை மாதிரி, யாரும் கோபப்பட மாட்டோம். அந்த முதல் வெர்ஷனை எழுதினவங்க ரெண்டாவதுக்கும் இருக்காங்களா, அதே தளத்துல இருக்காங்களா, அதுதான் கேள்வி. பிஎஸ் 2-ல கையால எழுதின வெக்டார் யூனிட் கோட் ஆண்ட்ராய்டுல ஒரு காசுக்கு ஆகாது. பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனா பசங்க அஞ்சாங்கிளாஸ் முடிக்கிறதுக்குள்ள கட்டடத்தை இடிச்சுட்டாங்க.

சீனாவுல இதே கதை வேற மாதிரி போச்சு. அங்கயும் ஹீரோ ஒரு குரங்கு, சுன் வூகோங். அனுமனுக்கும் இவருக்கும் சொந்தம் உண்டா இல்லையாங்கிறது ஆராய்ச்சியாளர்களோட தீராத பஞ்சாயத்து, அதை விட்டுடுவோம். டென்சென்ட் கம்பெனியில ஃபெங் ஜி-ங்கிறவரும் அவர் கூட்டாளிகளும் வூகோங் கதையை வச்சு ஒரு ஆன்லைன் கேம் செஞ்சாங்க. எதிர்பார்த்த மாதிரி நிலைக்கல. 2014-ல அவங்கள்ல சிலர் வெளிய வந்து 'கேம் சயின்ஸ்'னு ஒரு கம்பெனி தொடங்கி, மொபைல் கேம் போட்டுப் பொழைச்சாங்க. 2018-ல மறுபடி அதே குரங்கைக் கையில எடுத்தாங்க. 2024 ஆகஸ்ட் 20-ல 'பிளாக் மித்: வூகோங்' வந்துச்சு. மூணே நாள்ல ஒரு கோடி காப்பி. அந்தப் பணம், அந்தச் சந்தை எல்லாம் நம்மகிட்ட இல்லைங்கிறது உண்மைதான். ஆனா தோத்த ஆளுங்களே திரும்பி வந்து, தோத்த கதையையே எடுத்தாங்கங்கிறதும் உண்மை.

நம்ம ஊர்ல திறமைசாலிங்க எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரிஞ்சுக்க பெங்களூரு துருவா இன்டராக்டிவைப் பாருங்க. 1997-ல ராஜேஷ் ராவ் தொடங்கினது. ஆரம்பத்துலயே இன்ஃபோகிராம்ஸ் கம்பெனிக்காக 'மிஷன் இம்பாசிபிள்' பிசி கேம்ல வேலை செஞ்சாங்க. அது வெளிவரவே இல்லை. அதுக்கப்புறம் துருவா வெளிநாட்டு கேம்களுக்குக் கார், கட்டடம், ஆயுதம்னு ஆர்ட் செஞ்சு கொடுக்கிற சர்வீஸ் கம்பெனியா வளர்ந்துச்சு. 'ஃபோர்ஸா' ரேஸ்ல நீங்க ஓட்டின கார்கள்ல அவங்க கைவேலையும் உண்டு. 2019-ல ராக்ஸ்டார் அதை வாங்கிடுச்சு. நூத்துக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட தொழில், குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நானும் வேற நாட்டு கிளையன்ட்டோட கோடைத்தான் காலையில திறக்கிறேன். கேம் பண்ணணும்னு இன்ஜினியரிங் சேர்ந்த என் கிளாஸ்மேட்ஸும் இன்னிக்கு அதைத்தான் செய்யறாங்க. ஆனா ஒரு சொந்த கேம்ல வாங்கின அடி கார் மாடலுக்குள்ள போய்ச் சேராது.

விதிவிலக்கு ஒண்ணு சென்னையில இருக்கு. நெக்ஸ்ட் வேவ் மல்டிமீடியா. பி.ஆர். ராஜேந்திரனும் பி.ஆர். ஜெயஸ்ரீயும் 1995-ல தொடங்கினது. கன்சோல் பக்கமே போகாம போன்ல கிரிக்கெட் கொண்டு வந்தாங்க, 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்'. முதல் பாகத்தை இன்னிக்கு யாருக்கும் பெருசா ஞாபகம் இருக்காது. 2015-ல வந்த டபிள்யூசிசி 2-ஐ பஸ்ல, ஹாஸ்டல்ல, கடைசி பெஞ்சுல ஆடாதவங்க கைதூக்குங்க பார்ப்போம். 2020-ல மூணாவது, மோஷன் கேப்சரோட. அதே ஆளுங்க, அதே விளையாட்டு, வளர்ந்துகிட்டே போற ஒரு தளம். அனுமனுக்குக் கிடைக்காத மூணும் இவங்களுக்குக் கிடைச்சுச்சு. இதையே 2009-ல பிஎஸ் 2 டிஸ்க்கா போட்டிருந்தா இன்னிக்கு நான் இவங்களைப் பத்தியும் இதே குரல்லதான் பேசிட்டு இருப்பேன்.

கடைசியா, புனேயோட 'ராஜி'. நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செஞ்சது. துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக்கிட்டே கதை சொல்ல, ஒரு கழைக்கூத்தாடிப் பொண்ணு காணாமப்போன தம்பியைத் தேடிப் போறா. பாருங்க, தெய்வத்தைப் பட்டன்ல ஆட்டற பிரச்சினையை எவ்வளவு சுலபமா தாண்டிட்டாங்க: தெய்வம் கதை சொல்லட்டும், விழறதும் எழறதும் மனுஷப் பொண்ணு. 2017-ல கிக்ஸ்டார்ட்டர்ல காசு கேட்டாங்க, வேண்டிய தொகை சேரல. நிறுவனர்கள்ல ஒருத்தர் தன் ஃபிளாட்டை வித்தார். 2020-ல கேம் வந்து, தி கேம் அவார்ட்ஸ்ல சிறந்த அறிமுக கேமுக்கான பட்டியல்லயும் நின்னுச்சு. அழகுக்குக் கைதட்டல், சண்டைக்குச் சுமாரான மார்க். முடிவுதான் எல்லாரையும் கடுப்பாக்கிச்சு. இன்னும் ஒரு லெவல் இருக்கும்னு நினைக்கிறப்போ திடீர்னு பெயர்ப்பட்டியல் ஓடுது. அடுத்த கேமை 'ராஜி: கலியுகா'ன்னு அறிவிச்சிருக்காங்க. வந்ததும் முதல் நாளே வாங்கப் போறேன், சுமாரா இருந்தாலும்.

அடுத்த எபிசோட்ல கிரிக்கெட் 07 பத்திப் பேசலாம்னு இருக்கேன். ஈஏ கைவிட்ட ஒரு கேமை ரசிகர்களே பேட்ச் போட்டு வருஷக்கணக்கா உயிரோட வச்சிருந்த கதை. அதுக்குள்ள உங்கள்ல யார் வீட்டுப் பரண்லயாவது அந்த அனுமன் டிஸ்க் கிடந்தா மெயில் போடுங்க. கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. 499 ரூபாய் தர்றேன்.