பட்டுப்புழுவின் உடலில் ஒரு தூது

சித்தூர் மாவட்டத்துக் குப்பம், பலமனேர்ப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் பேசும் உழவர்கள் மல்பெரித் தழையிட்டுப் பட்டுப்புழு வளர்க்கின்றனர். ஏறத்தாழ 25 நாட்களில் புழு 4 முறை தோலுரிக்கிறது. எடையில் பல்லாயிரம் மடங்கு பெருகுகிறது. பின்னர் உணவை வெறுத்துக் கூடு கட்டுகிறது. ‘வளர்ந்தது போதும்’ என்று அதன் உயிரணுக்களுக்கு அறிவிப்பது எது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

போலந்து அறிஞர் ஸ்டெபான் கோபெச் கம்பளிப்புழுவின் இடையை நூலால் இறுக்கிக் கட்டினார். முற்பகுதி கூட்டுப்புழுவாயிற்று, பிற்பகுதி புழுவாகவே நின்றது. மூளை விடுக்கும் பொருளொன்று குருதிவழியே தூது செல்கிறது என 1922இல் அவர் விளக்கினார். 1941இல் நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் கருத்து மாளவில்லை.

மூளையின் ஏவலால் மார்புச் சுரப்பி ‘எக்டைசோன்’ என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. 1954இல் ஜெர்மனியில் பூட்டனாண்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அதனை 25 மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்தனர். இளமை இயக்குநீர் மிகுந்துள்ளவரை அது புழுவைத் தோலுரிக்கச் செய்கிறது. அவ்விளமைநீர் வற்றியதும் கூட்டுப்புழுவாக்குகிறது.

திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே 1954இல்தான். அந்நகரின் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் பட்டுவளர்ப்பும் ஒரு பாடமாக விளங்குகிறது. செடிகளில் கிடைக்கும் எக்டைசோன் இனப் பொருளைத் தழைமேல் தெளித்தால், முதிர்ந்த புழுக்கள் ஒருங்கே கூடு கட்டுகின்றன. உழவர்க்கு நாளும் கூலியும் மிச்சமாகின்றன. நாம் உடுத்தும் பட்டில் அத்தூதின் வரலாறும் இழையோடுகிறது.