தூன் என்னும் சொல்லும் துரோணர் கதையும்

உத்தராகண்ட மாநிலத்தின் தலைநகராக விளங்கும் டேராடூனின் பெயரைத் துரோணாசாரியரோடு முடிச்சுப் போடும் வழக்கம் சுற்றுலாக் கையேடுகளிலும் கோயில் தலவரலாறுகளிலும் மேடைப் பேச்சுகளிலும் வேரூன்றி, அந்நகரைத் 'துரோண நகரி' என்றே குறிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. துரோணர் அங்கே தவம் செய்தார், அதனால் அவ்விடம் துரோணம் ஆயிற்று, துரோணம் தேய்ந்து தூன் ஆயிற்று என்பது அவ்வாறு முடிச்சுப் போடுவோர் கூற்று. சொற்பிறப்பை ஆராய்வோர் ஒருமுறையேனும் அந்த மலைநாட்டின் பிற இடப்பெயர்களை நோக்கியிருந்தால் இக்கூற்று நூலேறியிராது.

தூன் என்பது ஓர் ஊரின் பெயரன்று; ஒரு நிலவகையின் பெயர். இமயத்தின் தென்னோரத்தில், தாழ்ந்த சிவாலிக் குன்றுத்தொடருக்கும் அதற்கு வடக்கே செங்குத்தாக எழும் சிற்றிமயத் தொடருக்கும் இடையே, தொடர்களின் போக்கிலேயே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்குகள் அனைத்தும் தூன் எனப்படுகின்றன. பிஞ்சோர் தூன் ஹரியானாவின் விளிம்பிலும், கியார்தா தூன் இமாசலப் பிரதேசத்தின் பாவண்டா அருகிலும், பாட்லி தூன் புலிகளுக்குப் பெயர்பெற்ற கார்பெட் காட்டுக்குள்ளும் உள்ளன. நேபாளத்தின் சித்வன், டாங், தேவுகுரி ஆகிய பள்ளத்தாக்குகளையும் நிலவியலார் இவ்வகையிலேயே சேர்ப்பர். இத்தனை தூன்களிலும் துரோணர் குடியிருந்தார் என்று எவரும் சொல்லத் துணியார். பல இடங்களுக்குப் பொதுவான சொல் ஒன்று ஒரு தனிமனிதர் பெயரிலிருந்து வந்தது எனக் கொள்வது, 'பாக்கம்' என முடியும் கடலோர ஊர்களையெல்லாம் ஒரே பாக்கனார் நிறுவினார் என்பதற்கு ஒப்பாகும்.

துரோணர் கட்சியினர்க்கு நூற்சான்று அறவே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. மகாபாரதத்தின் ஆதிபருவம் பரத்துவாச முனிவரைக் கங்காத்துவாரத்தில், அதாவது இன்றைய ஹரித்துவாரத்தில் வைத்துப் பேசுகிறது. தூன் பள்ளத்தாக்கின் கீழ்வாயில் அதற்கு அண்மையிலேயே உள்ளது. நகரின் வடமேற்கே தோன்ஸ் என்னும் சிற்றாற்றின் கரையிலுள்ள தப்கேசுவரர் குகைக் கோயிலில், பாலுக்கு அழுத குழந்தை அசுவத்தாமனுக்காகப் பாறையிலிருந்து பால் சொட்டியது என்ற கதையும் வழங்குகிறது. ஆனால் அண்மை ஒன்றே பெயர்க்காரணம் ஆகிவிடாது. தலக்கதையோ பெயருக்குப் பின்னர்ப் பிறந்தது; ஒலியொப்புமை கண்ட பிறகு கதை கட்டுவது எந்நாட்டுக்கும் பொதுவான பழக்கமே. அதே துரோணருக்கு ஹரியானாவின் குருகிராமும் உரிமை கொண்டாடி, 2016இல் ஊர்ப்பெயரையே குர்கான் என்பதிலிருந்து மாற்றிக்கொண்டது.

பள்ளத்தாக்கின் பழைய கல்வெட்டுகளும் துரோணர்க்குத் துணைவரவில்லை. மாவட்டத்தின் மேற்கெல்லையில், யமுனைக் கரையிலுள்ள கால்சியில் 1860இல் கண்டறியப்பட்ட பாறையில் அசோகரின் பதினான்கு கட்டளைகளும் பொறிக்கப்பட்டுள்ளன. சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் அங்கே பெயர் சுட்டப்படுகின்றனர், ஆயினும் துரோணர் பெயரால் ஓர் ஊரோ நாடோ அப்பாறையில் இல்லை. அதற்கு அருகே ஜகத்கிராமத்தில் தொல்லியலறிஞர் டி. என். இராமச்சந்திரன் 1952 முதல் 1954 வரை அகழ்ந்து வெளிப்படுத்திய செங்கல் வேள்விமேடையின் கற்களில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் அசுவமேதம் செய்த சீலவர்மன் என்னும் அரசன் தன்னை யுகசைலத்துக்கு உரியவனாகவே கூறிக்கொள்கிறான். யுகசைலம் என்பது யுகம் என்னும் நுகத்தடியின் பெயரையோ ஊழியின் பெயரையோ கொண்ட மலை. துரோணரின் தவபூமியை ஆண்டவன் அப்பெருமையைக் கல்லில் எழுதாமல் விட்டிருப்பான் என்று நம்புவது கடினம்.

எனில் தூன் எங்கிருந்து வந்தது? வடமொழியில் 'துரோணீ' என்பது மரத்தைக் குடைந்து செய்த தொட்டி, நீர்த்தொட்டி, பள்ளத்தாக்கு என்னும் பொருள்களை அகராதிகளிலேயே உடையது. 'துரு' என்றால் மரம்; தாரு என்னும் சொல்லும் அக்குடும்பத்தது. 'துரோணம்' என்பது இருக்குவேதத்திலேயே சோமச்சாறு வைக்கும் மரக்கலத்தைக் குறிக்கிறது. இரு தொடர்களுக்கு நடுவே நீளவாட்டில் குடைந்ததுபோல் கிடக்கும் நிலத்துக்குத் தொட்டியின் பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. துரோணீ பாகதத்தில் 'தோணீ' ஆகி, மலைநாட்டு வழக்கில் 'தூன்' எனக் குறுகியது. ஓகாரம் ஊகாரமானது எவ்வாறு என்று கேட்போர் தமிழ்த் தூணியை நோக்குக. நான்கு ஆடகம் கொண்டது ஒரு துரோணம் என்று வடநூல்கள் அளவு சொல்ல, நான்கு மரக்கால் கொண்டது ஒரு தூணி என்பது தமிழ் வழக்கு. தொல்காப்பியரே எழுத்ததிகாரத்தில் பதக்கோடு தூணி புணரும் முறையை வகுக்கிறார். அளவும் நான்கு, ஒலியும் அண்மை, பொருளும் கொள்கலம் என்ற மூன்றும் ஒருங்கே தற்செயலாக அமைந்தன எனல் பொருந்தாது.

இங்கே துரோணரின் பெயரையும் நோக்க வேண்டும். பரத்துவாசரின் வித்து துரோணம் என்னும் கலத்தில் விழுந்து பிறந்தமையால் அவர் அப்பெயர் பெற்றார் என்று ஆதிபருவமே காரணம் கூறுகிறது. குறுமுனி அகத்தியரைப் போலவே அவரும் குடத்திற் பிறந்தவர் என்று வழங்கப்படுவார். ஆகவே துரோணரும் தூனும் ஒரே சொல்லின் இரு கிளைகள். ஆசிரியருக்குப் பெயர் தந்தது கலம், பள்ளத்தாக்குக்குப் பெயர் தந்ததும் கலம். ஒருவர் மற்றதற்குப் பெயர் தரவில்லை. துரோணர் கட்சியினர் சொல்லின் வேரைச் சரியாகவே பற்றினர். மகனைத் தந்தையாக்கியதே அவர்கள் பிழை.

இச்சொல்லின் குடும்பம் தமிழகக் கரையையும் தொடுகிறது. இலையை மடித்துச் செய்யும் தொன்னையை இந்தியில் 'தோனா' என்பர். தெலுங்கிலும் கன்னடத்திலும் அதுவே 'தொன்னெ'. கிண்ணம்போல் குழிந்த மலருடைய தும்பையை வடமொழியார் 'துரோணபுஷ்பீ' என்கின்றனர். சங்கப் பாடல்களில் பயிலும் தோணியைத் 'தோண்டு' என்னும் வினையோடு இணைத்துத் தனித்தமிழ்ச் சொல் என்று நிறுவ முனைவோர் உளர். மரத்தைக் குடைந்து செய்வதால் தோண்டப்பட்டது தோணி என்பது கேட்க இனிமையானதுதான். ஆயினும் மரக்கலம் என்ற பொருளோடு துரோணம் வேதத்திலிருந்து தொடர்ந்து வருவதையும், பாகதத் தோணீ தமிழ்த் தோணியோடு எழுத்துக்கெழுத்து ஒத்து நிற்பதையும் அக்கொள்கை விளக்குவதில்லை.

பொருளும் சொல்லும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கு நிலமே சான்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்திலுள்ள டேராடூன் பள்ளத்தாக்கு மேற்கே யமுனையையும் கிழக்கே கங்கையையும் இரு வாயில்களாகக் கொண்டது. நகரத்தினூடே வடக்குத் தெற்காகச் செல்லும் ஒரு மேட்டுநிலமே நீர்பிரி மேடு. அதன் மேற்கில் பெய்யும் மழை ஆசன் ஆற்றின் வழி யமுனைக்கும், கிழக்கில் பெய்வது சுஸ்வா, சோங் ஆறுகளின் வழி கங்கைக்கும் போய்ச் சேர்கின்றது. வடக்கு மலைகளிலிருந்து உருண்டு வந்த கூழாங்கல்லும் பாறைத்துண்டுகளும் மண்ணும் தடித்த படுகையாக இத்தொட்டியை நிரப்பியுள்ளன. நிலவியலார் இதற்குத் தூன் சரளை என்றே பெயரிட்டுள்ளனர். இந்தச் சரளையில் நீர் விரைந்து இறங்கிவிடுவதால், மழை மிகுந்த நாடாயினும் நகரைக் கடக்கும் ரிஸ்பானாவும் பிந்தாலும் ஆண்டின் பெரும்பகுதி கல்லாறுகளாகவே காட்சியளிக்கும். வயலுக்கு நீர் வேண்டிப் பழங்காலத்திலேயே கால்வாய் வெட்ட நேர்ந்ததும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்கைக் கால்வாயால் புகழ்பெற்ற பொறியாளர் கோட்லி இங்கும் கால்வாய்ப் பணியில் ஈடுபட்டதும் இதனாலேயே. தூன் பாசுமதி அரிசியின் மணத்தைப் போற்றுவோர் அந்நெல்லுக்கு நீர் வந்த வழியை எண்ணிப் பார்ப்பதில்லை.

தென்புறத்துச் சிவாலிக்கின் பெயரிலும் இதே வகைக் குழப்பம் உண்டு. சிவனின் சடை என்று விளக்கம் சொல்லிச் சிவபெருமானை இழுத்து வருவோர், பாரசீக வரலாற்றாசிரியர்கள் எழுதிய சவாலக் என்னும் வடிவத்தை மறந்துவிடுகின்றனர். அது 'சபாதலட்சம்', அதாவது ஒன்றேகால் இலட்சம் என்னும் எண்ணுப்பெயரின் திரிபு. சடைக்கு அங்கே வேலையில்லை.

இனி டேராடூன் என்னும் பெயரின் முற்பகுதிக்கு வருவோம். 'டேரா' என்றால் கூடாரம், தங்குமிடம். சீக்கியரின் ஏழாம் குருவான ஹர்ராயின் மூத்த மகன் ராம் ராய் ஔரங்கசீப்பின் அவையில் சீக்கிய மறைப்பாடலான குருவாணியின் ஓரடியை மாற்றிச் சொன்னமையால் தந்தையால் ஒதுக்கப்பட்டு, பின்னர் இப்பள்ளத்தாக்கில் வந்து தங்கினார். கட்வால் அரசர் பதே ஷா ஊர்களை மானியமாக அளித்தார். ராம் ராய் டேரா போட்ட இடமே டேராடூன் என்பது பெருவழக்கான விளக்கம். டேரா இஸ்மாயில் கான், டேரா காசி கான், டேரா பாபா நானக் எனப் பல ஊர்ப்பெயர்கள் அவ்வாறு அமைந்தவையே. தமிழ்ப் பேச்சிலும் 'டேரா போடு' என்பது நன்கு பழகிய தொடராதலால், தமிழ் வாசகர் இவ்விளக்கத்தை ஐயமின்றி ஏற்பர்.

ஏற்கத் தடை ஒன்று உண்டு, அது எழுத்திலேயே உள்ளது. கூடாரத்தைக் குறிக்கும் டேரா இந்தியிலும் பஞ்சாபியிலும் நாவளை டகரத்தால் எழுதப்படுவது. ஊர்ப்பெயரோ பல்லொலித் தகரத்தோடும் நடுவே ஹகரத்தோடும் 'தேஹ்ராதூன்' என்றே அம்மொழிகளில் எழுதப்படுகிறது. தகரமும் டகரமும் வேறுபடாத ஆங்கில எழுத்தின் வழியே இப்பெயர் தமிழுக்கு வந்ததால், தமிழில் இரண்டிடத்தும் டகரம் ஏறி, பெயர் கூடாரத்தின் தோற்றத்தை எய்திவிட்டது. டேராவில் ஹகரம் புகக் காரணம் இல்லை. 'தேஹ்ரா' என்பதோ கோயில், பெரியோர் நினைவிடம் என்னும் பொருளில் அவ்விரு மொழிகளிலும் வழங்கும் தனிச்சொல். 'தேவகிருஹம்' பாகதத்தில் 'தேவஹர' ஆகிப் பின் தேஹ்ரா ஆயிற்று. தேவரின் இல் தேஹ்ரா, கோவின் இல் கோயில் என ஆக்கமுறையும் ஒத்திருக்கிறது. அதனோடு உறவுடைய 'தேவகுலம்' மணிமேகலை ஆசிரியரும் கையாண்ட சொல். வாசற்படியைக் குறிக்கும் 'தேஹலீ' இதனோடு ஒலியில் நெருங்கினும் வேறு சொல். அது திருக்கோவலூரில் இடைகழிப் பெருமாளைத் தேகளீசர் ஆக்கியது.

ராம் ராய் 1687இல் மறைந்தபின் அவர் மனைவி பஞ்சாப் கௌர் அவருடைய மடத்தை நடத்தினார். மொகலாயக் கல்லறைகளின் பாணியில் குவிமாடமும் மினார்களும் கொண்ட அவருடைய நினைவிடமான தர்பார் சாகிப் நடுவில் அமைய, அதைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. ஹோலிக்கு ஐந்தாம் நாள் அங்கே பெருங்கம்பத்தில் கொடியேற்றும் ஜண்டா விழாவுக்கு இன்றும் பஞ்சாபிலிருந்து மக்கள் திரள்கின்றனர். கூடாரம் அடித்தவர் ஓரிரு ஆண்டில் பெயர்ந்து போயிருந்தால் ஊரே இருந்திராது. ஊரை நிலைக்கச் செய்தது அவர் நினைவிடம். முதலில் வந்தது டேராவே என்று காலவரிசை காட்டி மறுப்போர், ஹகரத்துக்கு விடை சொன்ன பிறகே பேச உரியர். அந்த ஹகரம் மக்கள் கையெழுத்தில் நிற்கும்வரை, இப்பெயரில் உள்ளது கோயிலே, கூடாரம் அன்று.