திராட்சைத் தோட்டத்துப் பெண்கள்

பெல்ஜிய நாட்டின் புரூஜ் நகரில் குளிர்காலக் காலை தாமதமாகவே புலர்கிறது. கால்வாய்களின்மேல் மூடுபனி படர்ந்திருக்க, மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலத்தைக் கடந்து நாம் ஒரு வாயிலுள் நுழைந்தோம். உள்ளே இலையுதிர்ந்த நெடுமரங்கள். அவற்றைச் சூழ வெள்ளையடித்த வீடுகள். அருகே எளியதோர் ஆலயம். 'திராட்சைத் தோட்டம்' என்னும் பெயருடைய இந்தப் பெகின் குடியிருப்பு 1245-ஆம் ஆண்டளவில் உருவானது.

பெகின் பெண்கள் மடத்துக் கன்னியரும் அல்லர், இல்லறத்தாரும் அல்லர். வாழ்நாள் வார்த்தைப்பாடு கொடாமலே கற்பும் கீழ்ப்படிதலும் காத்தனர், சொத்துரிமையைத் துறக்கவில்லை. விரும்பினால் வெளியேறி மணம் புரியவும் தடையில்லை. கம்பளி நூற்றும், நோயாளரைப் பேணியும், சிறுமியர்க்குக் கற்பித்தும் தம் உணவைத் தாமே ஈட்டினர்.

இச்சுதந்திரமே ஐயத்துக்கும் வித்தாயிற்று. தாம் எழுதிய நூலின் பொருட்டு மார்கரீத் பொரேத் என்னும் பெகின் பெண் 1310-இல் பாரிசில் எரிக்கப்பட்டார். வியன் பொதுச்சங்கம் (1311-1312) பெகின் வாழ்வையே கண்டித்தது. ஆயினும் நல்லொழுக்கமுடையோரைத் துன்புறுத்தலாகாது என 1318-இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் பணித்தார். பிளாண்டர்ஸ் பகுதியில் அவ்வாழ்வு நிலைத்தது. புரூஜில் 1927-இல் பெனடிக்ட் சபைச் சகோதரியர் குடியேறினர். உலகின் கடைசிப் பெகின் கோர்ட்ரைக் நகரில் 2013-இல் இறைவனடி சேர்ந்தார்.

இறைமக்கள் அனைவரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்களே என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் முழங்கிற்று. அதனை நூற்கதிரின் அருகிலும் நோயாளரின் படுக்கையருகிலும் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்து காட்டியவர்கள் இப்பெண்கள். நம் பங்குகளில் அமைதியாய் உழைக்கும் பெண்களின் அழைத்தலை நாம் ஐயத்தோடு நோக்குகிறோமா, நன்றியோடு ஏற்கிறோமா?