மாவைப் பொங்கச் செய்தது யார்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் படப்பை. மேற்கே சற்றுத் தொலைவில் ஒரகடத்துத் தொழிற்சாலைகள். அவற்றுக்கும் அப்பால் காஞ்சி மாநகர். விடியற்காலையில் வேலைக்குச் செல்வோருள் சிலர் இட்டிலி உண்கின்றனர். சிலர் தேநீரில் பன்னை நனைத்து உண்கின்றனர். ஒன்று நம்முடையது, மற்றொன்று மேனாட்டது என்று கூறுவர். இரண்டும் ஒரே உண்மையின் இரு கிளைகள் என்பதே என் கருத்து. அதனை விளக்க விழைகிறேன்.

மாவு உப்புவதற்கு இரண்டு வேண்டும். ஒன்று காற்று, மற்றொன்று அக்காற்றைப் பிடித்து வைக்கும் பை. பை இல்லையேல் காற்றிருந்தும் பயனில்லை. கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்தால் இழுபடும் பசை ஒன்று தோன்றுகிறது. அதுதான் பை. இத்தாலிய அறிஞர் பெக்காரி, மாவை நீரில் கழுவி இப்பசையைத் தனியே பிரித்தார். அச்செய்தி 1745இல் வெளியாயிற்று.

காற்றை உண்டாக்குவது யார்? பண்டை எகிப்தியர் புளித்த மாவில் ரொட்டி சுட்டனர், காரணம் அறிந்திலர். 1680இல் ஆலந்து நாட்டு லீவன்ஹூக் தம் உருப்பெருக்கியில் ஈஸ்டின் சிறு உருண்டைகளைக் கண்டார். அவை உயிருள்ளவை என்று அவர் எண்ணவில்லை. 1837இல் பிரான்சில் கான்யார் லத்தூரும் ஜெர்மனியில் ஷ்வானும், அவை வளர்ந்து பெருகும் உயிர்களே என்றனர். ரசாயனப் பேரறிஞர் லீபிக் அதனை ஏற்கவில்லை. பின்னர் லூயி பாஸ்டர் 1857 முதல் செய்த சோதனைகள் உயிரின் பக்கமே தீர்ப்புக் கூறின. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் சாராயத்தையும் வெளிவிடுகிறது. வாயு பசைக்குள் சிக்கி மாவை உயர்த்துகிறது. அடுப்பின் வெம்மையில் சாராயம் ஆவியாகிறது, ஈஸ்ட் மடிகிறது, ரொட்டி உருப்பெற்று நிற்கிறது.

1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துகேசியர் நம் மண்ணுக்கு இவ்வகை ரொட்டியைக் கொணர்ந்தனர். மாவைப் புளிக்க வைக்க அவர்களுக்கு இங்கே கைகொடுத்தது தென்னங்கள். கள்ளிலும் ஈஸ்ட் உண்டன்றோ! அவர்கள் ரொட்டிக்கு வழங்கிய சொல்லே மும்பையில் ‘பாவ்’ ஆயிற்று. இலங்கைத் தமிழர் நாவில் ‘பாண்’ ஆயிற்று.

இனி இட்டிலிக்கு வருவோம். கன்னட நூலாகிய ‘வட்டாராதனை’ பத்தாம் நூற்றாண்டிலேயே ‘இட்டலிகெ’ என்னும் பண்டத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அடுத்த நூற்றாண்டின் ‘லோகோபகாரம்’, உளுந்தை மோரில் ஊறவைத்து அரைக்கும் முறையைக் கூறுகிறது. ஆயினும் இப்பழைய குறிப்புகளில் அரிசி இல்லை என்பதை உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா சுட்டிக் காட்டினார். அரிசியில் கோதுமையின் பசை கிடையாது. அரிசி மாவில் எழும் வாயு தங்காமல் வெளியேறிவிடும். உளுந்திலோ வழவழப்பான ஒரு பொருளும் புரதமும் உள்ளன. அவை வாயுவைப் பிடித்து வைக்கின்றன. எனவே அரிசியோடு உளுந்தைச் சேர்த்த கை, கோதுமை தரும் பையை வேறொரு வழியில் படைத்துவிட்டது என்றே சொல்லலாம். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில், மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கிற்குடலையில் மந்தாரை இலையிட்டு வேகவைக்கும் இட்டிலியும் இந்த நெறியின் வழிப்பட்டதே.

அவ்வாறாயின் இட்டிலி மாவிலும் ஈஸ்டுதான் வேலை செய்கிறதா? 1965இல் அமெரிக்காவின் நுண்ணுயிரியல் இதழொன்றில் முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் முதலியோர் இதற்கு விடை வெளியிட்டனர். மாவைப் பொங்கச் செய்வது ‘லியுகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ்’ என்னும் பாக்டீரியா. அதனை நாம் விலைகொடுத்து வாங்குவதில்லை. அது தானியத்தோடேயே வருகிறது. வாயுவைத் தருவதும் அதுவே. புளிப்பைத் தொடங்கி வைப்பதும் அதுவே. அந்த 1965ஆம் ஆண்டிலேதான் இந்திய அரசு ‘மாடர்ன் பேக்கரீஸ்’ என்னும் ரொட்டி நிறுவனத்தைத் தொடங்கியது. 2000இல் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

மாணவ நண்பர்களே, ரொட்டியின் வரலாற்றில் பெக்காரி, லீவன்ஹூக், பாஸ்டர் என்று பெயர்கள் நிற்கின்றன. இட்டிலியின் வரலாற்றில் உரலருகே அமர்ந்து மாவரைத்த பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. பெயரில்லாததால் அதனை அறிவன்று, வெறும் வழக்கம் என்று தள்ளிவிடலாமா? எவ்வளவு உளுந்து, எத்தனை நாழிகை ஊறல், மழைநாளில் எவ்வளவு பொறுத்தல் என்பவற்றை அவர்கள் பன்முறை செய்து பார்த்தே கண்டனர். செய்து பார்த்து அறிவதுதானே அறிவியல்! உருப்பெருக்கி பின்னர் வந்து, அவர்கள் கண்டதற்குக் காரணம் கூறியது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பாத்திரத்தில் அரிசி மாவை மட்டும் கரைத்து வையுங்கள். மற்றொன்றில் உளுந்து சேர்த்து அரைத்த மாவை வையுங்கள். இரண்டிலும் மாவின் மட்டத்தை இரவில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எது எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்து, குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதும்போது, அளவைச் சொல்லித் தந்த உங்கள் அன்னையின் பெயரையும் பாட்டியின் பெயரையும் அதில் சேர்த்து எழுதிவிடுங்கள்.