ரோமாபுரியின் சதுரப் புட்டி

அரண்மனையில் மட்டும் விளங்கிய அரும்பொருள் ஒன்று எளியோர் அடுக்களைக்கு வந்து சேர்வது சரித்திரத்தில் அடிக்கடி நிகழ்வதன்று. கண்ணாடிக்கு அப்பேறு கிட்டியது. கிட்டச் செய்தது மனிதனின் மூச்சே!

முன்னாளில் கண்ணாடிக் கலம் செய்தல் பெரும்பாடாக இருந்தது. களிமண் கருவின்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றியும், அச்சிலிட்டு உருவாக்கிய பின் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றியும் ஒவ்வொன்றாக ஆக்கினர். கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதித் தொழிலாளர் கண்ணாடியை ஊதி உப்பச் செய்யக் கற்றனர். ஜெருசலேம் அகழ்வில் கிடைத்த தொழிற்கழிவுகள் இதற்குச் சான்று பகர்கின்றன. நெடுநேர வேலை சிறுபொழுதில் முடிந்தது, விலையும் இறங்கிற்று. ரோமாபுரியில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கலம் வாங்கலாம் என ஸ்ட்ராபோ என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதியுள்ளார்.

அவ்வாறு பெருகிய வீட்டுக் கலங்களுள் ஒன்று சதுரப் புட்டி. அச்சினுள் ஊதிச் செய்யப்பெற்றது. தடித்த உடலும், குறுகிய கழுத்தும், அகன்ற கைப்பிடியும் உடையது. மணலில் கலந்த இரும்பினால் நீலப்பச்சை நிறம் வாய்ந்தது. உருண்டைப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கினால் இடையே இடம் வீணாகும். சதுரப் புட்டிகளோ தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். நாள்தோறும் சரக்குப் பெட்டிகளோடு பழகும் நம்போன்றோர் இந்த நுட்பத்தை மெச்சாதிருக்க இயலுமோ?

உடைந்த கண்ணாடியும் வீண்போகவில்லை. கந்தகக் குச்சிகளைக் கொடுத்து உடைசல் வாங்கும் தெரு வியாபாரியை மார்ஷியல் என்னும் புலவர் குறிப்பிடுகிறார். இத்தாலியின் கிராதோ நகருக்கு அப்பால் கடலடியில் 1986-இல் கண்டறியப்பட்ட ரோமானியக் கப்பலில், மீண்டும் உருக்குதற்குரிய கண்ணாடி உடைசல் நிறைந்த பீப்பாய் ஒன்று இருந்தது.

உடைந்தவை உலைக்குச் சென்றன எனில், முழுப் புட்டிகள் நமக்குக் கிடைத்தது எவ்வாறு? அவற்றுட் பல கல்லறைகளிலிருந்து வந்தவை. பிரிட்டன் முதலிய மாகாணங்களில், இறந்தோரை எரித்த சாம்பலை இவ்வகைப் புட்டிகளில் இட்டுப் புதைத்தனர். உயிரோடிருந்த நாளில் உணவுப்பொருள் வைத்த கலமே இறுதியில் உரியவரையும் தாங்கிற்று.

அப்புட்டிகளை ஊதியோருள் மிகப் பலரின் பெயர் நமக்கு எட்டவில்லை. ஆயினும் புட்டியின் உள்ளிருக்கும் வெற்றிடம் அத்தொழிலாளியின் மூச்சு விரித்த இடமன்றோ? அருங்காட்சியகத்தில் அத்தகைய கலத்தைக் காண நேரின், அதனை ஆண்ட பேரரசின் பெருமையோடு இதனையும் நம் மக்களுக்கு எடுத்துரைப்போமாக.