உடும்புப் பிடியும் விரற்பிடியும்: தலைகீழ்க் கம்ப ஆட்டத்தில் கைப்பிடிகள் வளர்ந்த வரலாறு

செங்குத்தாக நிற்கும் கம்பத்தில் தலைகீழாகத் தொங்கும் உடலைத் தாங்குவது உராய்வு. கம்பத்தின் பருமன், அதன் மேற்பரப்பு, அதில் பதியும் தோலின் பரப்பு ஆகியவை அந்த உராய்வைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. அதனால் கம்பத்தைப் பார்க்காமல் எந்தப் பிடி நல்லது என்று சொல்ல முடியாது. உயிருள்ள மரத்திலிருந்து இழைத்த கட்டைக்கும், கட்டையிலிருந்து எஃகுக் குழாய்க்கும் ஆட்டம் மாறியபோது உடலின் பாரம் தொடையையும் அக்குளையும் விட்டு விரல்களுக்கு வந்து சேர்ந்தது.

பருமனான தண்டில் கை என்ன செய்கிறது என்பதற்கு மேட்டுப்பாளையம் பாக்குத் தோப்புகள் நல்ல சான்று. பாக்கு மரத்தின் தண்டு பொதுவாக 10 முதல் 15 செ.மீ. குறுக்களவு கொண்டது. அதைச் சுற்றிவரும் விரல்கள் மறுபக்கம் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே மரம் ஏறுபவர் தண்டை விரலால் பற்றுவதில்லை, கையால் அணைத்துக்கொள்கிறார். பாரம் முழுவதும் காலில் மாட்டிய தளையில் நிற்கிறது. பனையேறியின் தளைநாரும் இதே வேலையைத்தான் செய்கிறது. உடலை மரத்தோடு ஒட்டி வைப்பது கையின் பணி, தூக்குவது காலின் பணி. கண்ணன் கோயில் உறியடி விழாக்களில் எண்ணெய் பூசி நடப்படும் வழுக்கு மரத்தில் இந்த உடும்புப் பிடியே சோதனைக்கு உள்ளாகிறது. கொங்கு நாட்டில் கம்பம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மாரியம்மன் கோயிலின் முன் நடும் கம்பம். அதைச் சுற்றி ஆடுவார்கள், அதில் ஏறுவதில்லை. எனவே இந்த வரலாற்றில் அதற்கு இடமில்லை.

கம்பத்தைப் பயிற்சிக் கருவியாகக் கொண்டதற்குப் பழைய எழுத்துச் சான்று தக்காணத்தில் கிடைக்கிறது. மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ மற்போர் வீரர்களின் தூண் பயிற்சியைக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் எனப்படும் இக்கலையைப் பல்லவர் காலத்தோடு இணைத்து, மாமல்லன் என்ற பட்டத்தைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்தப் பட்டம் நரசிம்மவர்மனின் மல்லாற்றலைச் சொல்கிறதே தவிர, கம்பத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கூத்தாடிகளின் வித்தையோ தமிழில் இன்னும் பழையது. குறுந்தொகையின் ஏழாம் பாடல் கயிற்றின்மேல் ஆடும் ஆரியரையும் அவர்களது பறையொலியையும் குறிப்பிடுகிறது. ஆனால் அது கயிற்றின்மேல் நடக்கும் ஆட்டம், பிடித்துத் தொங்கும் ஆட்டம் அன்று.

இன்றைய மல்லர் கம்பத்தின் பிடிகளை வகுத்தவராகப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் (1796–1818) மற்போர் ஆசான் பாலம்பட்ட தாதா தேவதர் கருதப்படுகிறார். மரத்தில் தாவும் குரங்குகளைப் பார்த்து அவர் இதைக் கற்றார் என்பது மராட்டியர் வழங்கும் கதை. கதை எப்படியிருந்தாலும், மற்போரின் தேவை பிடிகளிலேயே தெரிகிறது. தரையில் நட்ட நிலைக்கம்பம் அடியில் சுமார் 55 செ.மீ., மேலே சுமார் 35 செ.மீ. சுற்றளவு கொண்டது. குறுக்களவில் இது ஏறக்குறைய 17.5 செ.மீ. தொடங்கி 11 செ.மீ. வரை மெலிகிறது, அதாவது கிட்டத்தட்ட பாக்கு மரத்தின் அளவுதான். எதிராளியின் இடுப்பையோ கழுத்தையோ வளைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பொம்மை கிடையாது.

இந்தப் பருமனில் தனிக்கையால் தலைகீழாகத் தொங்குவது இயலாத காரியம். ஆகவே மல்லர் கம்பத்தில் ஆட்டக்காரர் இரு கைகளாலும் கம்பத்தைக் கட்டி, இடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி, தொடைகளால் கம்பத்தைக் கவ்விக்கொள்கிறார். ‘அடி’ என மராத்தியில் வழங்கும் இந்த ஏற்றமே மற்ற அனைத்துக்கும் அரிச்சுவடி. அக்குளில் கம்பத்தை இடுக்கும் பிடி ‘பக்லி’. கம்பத்தின் உச்சியில் மட்டும் மெலிந்த கழுத்தும் உருண்டைத் தலையும் உள்ளன. விரல்கள் முழுதாக மூடிப் பற்றும் இடம் அந்தக் கழுத்து ஒன்றுதான். கம்பத்தில் தேய்க்கும் விளக்கெண்ணெய் முதலில் விசித்திரமாகத் தோன்றும். தோல் உரியாமலும் உடல் தடையின்றிச் சுழலவும் உராய்வை வேண்டிய அளவுக்குக் குறைப்பதே அதன் நோக்கம். மிச்சப் பிடிமானத்தைத் தொடைத் தசை கொடுத்தாக வேண்டும்.

தொங்கு கம்பமும் கயிறும் பின்னர் தனிப் பிரிவுகளாயின. முன்பு பிரம்பில் ஆடியது பருத்திக் கயிற்றுக்கு மாறியது. கயிற்றில் முதற்பிடி கையில்கூட இல்லை. காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே இருக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு இந்திய விளையாட்டுகளைக் காட்டியதில் மல்லர் கம்பமும் இடம்பெற்றது. 1981இல் உஜ்ஜயினியில் தேசியப் போட்டி நடந்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம் இதன் முக்கியக் களமாக வளர்ந்தது. 2024 ஜனவரியில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் மல்லர் கம்பம் இருந்தது.

எஃகுக் கம்பத்தின் வழி வேறு. சீன சர்க்கஸ் கம்பம் ரப்பர் உறை போட்டது. ஆட்டக்காரர் முழு உடையும் காலணியும் அணிந்து ஏறுவார். இன்றைய ‘போல்’ (pole) நடனக் கம்பமோ வழவழப்பான உலோகம். அதில் துணி வழுக்கும், தோல்தான் ஒட்டும். உடை குறைவாக இருப்பதன் காரணம் பெருமளவு இதுவே. 2009இல் தொடங்கிய சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்பு இதற்குப் போட்டி விதிகளை வகுத்தது. போட்டிகளில் பரவலான கம்பத்தின் குறுக்களவு 45 மி.மீ., அதாவது மல்லர் கம்பத்து அடிப்பகுதியின் நாலில் ஒரு பங்கு. விரல்கள் மூடிப் பற்ற முடிந்ததும் கைப்பிடிகள் பல்கிப் பெருகின.

இவற்றின் இயந்திரவியல் ஒன்றே: மேல்கை இழுக்கிறது, கீழ்க்கை தள்ளுகிறது. வேறுபடுவது மேல்கையின் திருப்பம். கட்டைவிரல் மேல்நோக்க இயல்பாகப் பற்றுவது நேர்ப்பிடி. தோளுக்கு இது எளிது, ஆனால் உள்ளங்கையில் வலு வேண்டும். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் சேர்த்துக் கம்பத்தைக் கோப்பை போல ஏந்துவது கிண்ணப் பிடி. இதில் மணிக்கட்டின் இறுக்கம் குறையும். வியர்வை இருந்தால் முதலில் கைவிடுவதும் இதுதான். ‘ட்விஸ்டட் கிரிப்’ எனும் முறுக்குப் பிடியில் மேல்கை உள்நோக்கித் திரும்பிக் கட்டைவிரல் தரையை நோக்கும். எலும்புகள் பூட்டுப் போல அமைவதால் தொடக்கத்தில் எளிதாகப் பிடிபடும். பலர் இதை முதலில் விரும்புவதும் அதனால்தான். ஆனால் திருகிய நிலையிலேயே தோள்மூட்டு முழு எடையையும் ஏற்கிறது. வலு வராத தோளுடன் காலை வீசி இதில் ஏறுவது ஆபத்து. மேல்கையின் முழங்கை மடிப்பில் கம்பத்தை இடுக்கும் முழங்கைப் பிடி விரல்களுக்கு ஓய்வு தருகிறது. ஒரு வகையில் இது மல்லர் கம்பத்தின் அணைப்புக்கே திரும்புவதாகும்.

தேர்வில் கையின் நிலையும் கணக்கில் வரும். வியர்க்கும் கைக்கு மக்னீசியம் கார்பனேட் தூள்தான் துணை. கையளவு சிறிதானால் 45 மி.மீ. கம்பத்தில் கிண்ணப் பிடி நழுவலாம், நேர்ப்பிடியே பொருந்தும்.

பழகும் வரிசையில் தலைகீழ் நிலை கடைசியில் வருகிறது. தரையில் காலூன்றி, இரு கைகளையும் பிடியில் வைத்து, மேல் தோளைக் காதிலிருந்து கீழே இழுத்துப் பூட்டுவது முதல் படி. பிறகு ஒரு கால், பின் இரு கால்களும் தரையை விட்டு எழும். தொடைப் பிடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கைகளை அமைத்து, கால்களை மெல்ல விடுவிப்பது, கைகளால் மட்டும் தலைகீழாக நிற்கும் ‘ஆயிஷா’ போன்ற நிலைகளுக்குப் பாதுகாப்பான வழி. கீழே தடித்த மெத்தையும் பக்கத்தில் தாங்கிப் பிடிப்பவரும் இருக்க வேண்டும். இடம், வலம் இரண்டையும் சமமாகப் பழகாவிட்டால் ஒரு தோள் மட்டும் தேயும். இறங்கும்போது கைக்கு முன்பாகத் தொடை கம்பத்தைக் கவ்வியாக வேண்டும். தளையை அழுத்தி இறங்கும் பாக்குத் தோப்புத் தொழிலாளியும் கைக்கு முன் காலைத்தான் நம்புகிறார்.