கர்ணத்தின் சம்பளம்

செண்பகத்தோப்புப் பக்கம் நடைபோகும் எங்கள் பென்ஷன்காரர் கூட்டத்தில் சம்பளப் பேச்சு வந்தால், கர்ணமும் கிராம முன்சீப்பும் வந்துவிடுவார்கள். நம் ஊர்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காலம். அடங்கலும் சிட்டாவும் கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். பகுதிநேர வேலை, அரசு தந்த தொகையில் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே சொந்த நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களே நிலைத்தார்கள். பரம்பரை உரிமை 1968-இல் சட்டப்படி போயிற்று. பழக்கம் லேசில் போகவில்லை.

ஓய்வுக்குப் பின் படித்த சீன வரலாற்றிலும் இதே கதைதான். சிங் வம்ச ஆட்சியில் வட்டார அதிகாரிக்கு ஆண்டுக்கு 45 தேல் எடை வெள்ளி. அவருக்குக் கீழிருந்த எழுத்தர்களுக்குச் சம்பளமே கிடையாது, மனுக் கொடுப்பவன் தருவதுதான். 1720-களில் யோங்செங் பேரரசர் 'நேர்மை வளர்க்கும் வெள்ளி' என்று அதிகாரிகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தார். எழுத்தர் பாடு பழையபடிதான்.

இங்கே எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளையே ஒழித்தது. முழுநேரச் சம்பளத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சரியான காரியம் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் பள்ளியிறுதி படித்த பழையவர்களுக்குத்தான் திரும்ப வர வழி இருந்தது. அந்தப் படிப்பில்லாத, ஐம்பதைக் கடந்த கர்ணத்துக்குப் பயிர்க்கணக்கைத் தவிர வேறென்ன தெரியும்? கணக்குகளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.